மூன்றாம் நரி நேரம் தவறிப் பேசியது ஏன்? பெங்களூரு நரி வேட்டை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காலை 8:49. அந்த நிமிடம் ஐந்தாம் நரிக்கு, அதாவது தோப்பில் மறைத்துவைத்த ஐந்தாம் டிரான்ஸ்மிட்டருக்கு, உரியது. கூடாரத்து மேசைமேல் இருந்த ரிசீவரில் ஒலித்ததோ மூன்றாம் நரி. இரண்டு நிமிடம் முன்பு, தன் முறை வந்தபோது, அது வாயே திறக்கவில்லை. தைலமரத் தோப்புக்குள் அப்போது எட்டுப் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் இருந்த நாங்கள் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. போட்டி முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொன்னபோதுதான் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்தது. எது கெட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. நரிகளை முறைப்படி பேசவைக்கும் கண்ட்ரோலருக்கு நிரல் எழுதியவன் நான். ஆகவே அந்த இரண்டு வாரத்தையும் ஒளிக்காமல் எழுதிவைப்பது என் பொறுப்பு.

பின்னணி

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி இயக்கும் ஹாம் வானொலிக்காரர்கள் நரி வேட்டை என்று அழைப்பது திசை கண்டுபிடிக்கும் ஓட்டப்போட்டி. காட்டில் ஐந்து டிரான்ஸ்மிட்டர்களை மறைத்துவைப்பார்கள்; அவைதான் நரிகள். ரிசீவர், திசை ஆன்டெனா, வரைபடம், காந்த ஊசி ஆகியவற்றோடு ஓடி ஐந்தையும் தேடிப் பிடித்து, முடிவுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். முதல் உலகப் போட்டி 1980-இல் போலந்தில் நடந்தது. இன்று உலகப் போட்டிகளில் 80 மீட்டர், 2 மீட்டர் அலைநீளம் கொண்ட இரண்டு அலைவரிசைகளில் இது நடக்கிறது.

ஐந்து நரிகளும் ஒரே அதிர்வெண்ணில் பேசும். ஆனால் ஒரே நேரத்தில் பேசாது. முதல் நிமிடம் முதல் நரி, அடுத்த நிமிடம் இரண்டாம் நரி என்று முறைவைத்துப் பேசி, ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் மோர்ஸில் எம், ஓ என்ற இரண்டு எழுத்துகளை அனுப்பிவிட்டு, தன் அடையாளத்துக்காக ஒரு புள்ளி முதல் ஐந்து புள்ளிகள் வரை தட்டும். ஒரு புள்ளி என்றால் முதல் நரி, மூன்று என்றால் மூன்றாம் நரி. மோர்ஸ் தெரியாத பள்ளிப் பிள்ளையும் புள்ளிகளை எண்ணி எந்த நரி என்று சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டை வகுத்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். முடிவுக் கோட்டில் தனி அதிர்வெண்ணில் இன்னொரு டிரான்ஸ்மிட்டர் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஓடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நரிக்கு 60 நொடி கிடைக்கிறது. அதற்குள் ஆன்டெனாவைச் சுழற்றித் திசை பிடித்து வரைபடத்தில் கோடு இழுக்க வேண்டும். அடுத்த நான்கு நிமிடம் அந்த நரி மௌனம். கோட்டை நம்பி ஓட வேண்டும். ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் ஐந்து நிமிடம் போயிற்று. புறப்பாடும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான். ஒவ்வொருவரும் முதல் நரி பேசத் தொடங்கும் நொடியில் புறப்படுவதால் எல்லோருக்கும் ஒரே வரிசையில் குறிகள் கிடைக்கின்றன. போட்டியின் நியாயம் முழுவதும் இந்தக் கால ஒழுங்கில் இருக்கிறது.

அந்த ஒழுங்கைக் காப்பது கண்ட்ரோலர். நேரம் வந்ததும் டிரான்ஸ்மிட்டரை இயக்கி, மோர்ஸ் ஒலியை ஊட்டி, நிமிடக் கடைசியில் உரிமம் பெற்றவரின் அழைப்புக்குறியை அனுப்பி, பிறகு அணைத்துவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும் சிறு பலகை. அமெரிக்காவில் பயோனிக்ஸ் நிறுவனத்தின் பிக்கான் போன்ற ஆயத்தக் கருவிகள் உண்டு. தொலைபேசி விசை ஒலிகளை வானொலி வழியே அனுப்பி அவற்றுக்குக் கட்டளை இடலாம். நாங்கள் சொந்தமாகச் செய்தோம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இரண்டு சனிக்கிழமை அலைந்து வாங்கிய பொருள்கள்: ஏடிமெகா328பி சில்லு பொருத்திய 3.3 வோல்ட் பலகைகள், 1 வாட் கொடுக்கும் எஸ்ஏ818 வானொலி மாட்யூல்கள், செல் ஹோல்டர்கள், மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பாக்கள். லித்தியம் செல்கள் மட்டும் பழைய மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து எடுத்தவை.

எங்கள் குழுவில் தமிழ் பேசுவோர் பத்துப் பன்னிரண்டு பேர். அல்சூர், விவேக்நகர், சிவாஜிநகர் என்று சிதறி இருக்கிறோம். மூத்தவர் ஒருவர் 30 ஆண்டுகளுக்கு மேலாக உரிமம் வைத்திருக்கிறார். அவருடைய அழைப்புக்குறியில்தான் ஐந்து நரிகளும் இயங்கின. இடம், கனகபுரா சாலையில் ஊர் தாண்டி ஒரு தனியார் தோப்பு. உருண்டைக் கருங்கல் பாறைகளும் தைலமரமும் கலந்த மேடு பள்ளம். ஓட்டம் புறப்படும் இடத்திலிருந்து எந்த நரியும் 750 மீட்டருக்கு அப்பால், நரிக்கும் நரிக்கும் இடையே 400 மீட்டருக்குக் குறையாமல் என்ற விதிகளைக் கடைப்பிடிக்கும் அளவுக்குப் பரப்பு இருந்தது. உலகப் போட்டிகளில் 2 மீட்டருக்கு ஏஎம் பண்பேற்றம், அதாவது அலையின் வீச்சை மாற்றி ஒலியை ஏற்றுவது, வழக்கம். பிள்ளைகளிடம் இருந்தவை அதிர்வெண்ணை மாற்றி ஒலியை ஏற்றும் எஃப்எம் கையடக்க செட்டுகள் என்பதால் நாங்கள் எஃப்எம் வைத்தோம். இந்த முடிவு பின்னால் விசாரணையை எவ்வளவு குழப்பியது என்பதைச் சொல்கிறேன்.

அன்று நடந்தது

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணிக்கு ஐந்து கண்ட்ரோலர்களையும் ஒரே கம்பியில் இணைத்து, ஒரே பொத்தானை அழுத்தி, எல்லாவற்றின் கணக்கையும் பூஜ்யத்தில் தொடங்கிவைத்தோம். பிறகு ஆளுக்கொரு டப்பாவாகத் தூக்கிச் சென்று மரக்கிளைகளில் கட்டினோம். 8:30-க்கு முதல் இருவர் புறப்பட்டார்கள். 9:00-க்குக் கடைசி இருவர். மொத்தம் 14 பேர், கால வரம்பு 100 நிமிடம்.

9:40-க்கு முதலில் வெளியே வந்த பையன் மூன்றாம் நரி செத்துப்போயிற்று என்றான். அவனுக்கு அடுத்து வந்தவர், மூன்றாம் நரி உயிரோடுதான் இருக்கிறது, ஐந்தாம் நரிதான் இல்லை என்றார். மூன்றாமவர் எல்லாம் சரியாக இருந்தன என்று சொல்லி ஐந்தையும் கண்டுபிடித்த அட்டையைக் காட்டினார். மூவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர்.

கடைசியாக 10:35-க்கு வந்தாள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம். அல்சூரில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். திசை பிடிப்பதில் எங்கள் குழுவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இரும்பு அளவுநாடாவை வெட்டிச் செய்யும் மூன்று உறுப்பு யாகி ஆன்டெனாவை அவளே செய்துகொண்டு வந்திருந்தாள். அன்று அவளால் இரண்டு நரிகளைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. 9:16-க்கு, இரண்டாம் நரியின் நிமிடத்தில், அவளுக்கு மூன்று புள்ளிகள் பலமாகக் கேட்டிருக்கின்றன. நரி தப்பாது என்று நம்பித் தன் கைக்கடிகாரம்தான் ஒரு நிமிடம் பிந்தியிருக்கிறது என்று முடிவுசெய்து முள்ளைத் திருப்பிவிட்டாள். அதன்பின் அவள் குறித்துவைத்த ஒவ்வொரு நேரமும் ஒரு நிமிடம் தள்ளிப்போனது. “என் கடிகாரம் கெட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா” என்றாள் என்னிடம். அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

10:37-க்குக் கூடாரத்து ரிசீவரில் மூன்றாம் நரி ஒலித்தது. அதன் சொந்த நிமிடத்தில், சுமார் பத்து நொடி தாமதமாக. 10:42-க்கும் அப்படியே. நானே நடந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. பத்து நொடித் தாமதம் இத்தனை குழப்பத்துக்குக் காரணமாக இருக்க முடியாது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். போட்டி முடிவுகளை ரத்துசெய்தோம்.

சந்தேகங்கள்

முதல் சந்தேகம் பாறைமேல் விழுந்தது. 2 மீட்டர் அலை கருங்கல் முகத்தில் பட்டுத் தெறித்து வேறு திசையிலிருந்து வருவதுபோல் காட்டும். அந்தத் தோப்பில் இது எல்லோருக்கும் அனுபவம். ஆனால் பாறை திசையை மாற்றுமே தவிர, புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றாது. பேசும் நிமிடத்தையும் மாற்றாது. இந்த எளிய விஷயத்தைச் சொல்லி முடிக்கவே அன்று மாலை முழுக்கத் தர்க்கம் நடந்தது. களைப்பில் இருந்தோம்.

இரண்டாவது சந்தேகம் கடிகாரத்தின் வழுவல். இதில் உண்மை இருந்தது. எங்கள் பலகைகளில் நேரத்துக்கு ஆதாரம் செராமிக் ரெசனேட்டர். குவார்ட்ஸ் படிகம் ஒரு நாளில் ஓரிரு நொடி வழுவினால், செராமிக் ரெசனேட்டர் அரை சதவீதம்வரை விலகலாம். மோசமான நிலையில் அது மணிக்கு 18 நொடி. எங்களுடைய ஐந்தையும் அன்று ஒப்பிட்டபோது முதல் நரிக்கும் நான்காம் நரிக்கும் ஒன்பது நொடி வேறுபாடு இருந்தது. இது குறைதான், திருத்தியே ஆக வேண்டும். ஆனால் வழுவல் என்பது மணல் சரிவதுபோல் நடக்கும். ஒரு நரி 8:42-க்குச் சரியாகப் பேசிவிட்டு 8:47-க்கு மௌனமாகி 8:49-க்கு எழுவதற்கு வழுவல் காரணமாகாது.

மூத்தவருக்கு மூன்றாவது சந்தேகம்: ஆன்டெனா பக்கத்திலேயே இருப்பதால் வானொலி அலை கண்ட்ரோலர் கம்பிகளில் ஏறிச் சில்லைக் குழப்பியிருக்கும். அந்த அலையைத் தடுக்கும் ஃபெரைட் மணிகளைக் கம்பியில் கோத்துவிட்டால் தீரும் என்றார். அவர் அனுபவத்தில் பலமுறை அப்படி நடந்திருக்கிறது. நானும் அதையே நம்பி ஒரு வாரத்தைச் செலவிட்டேன்.

8:42, 8:47, 8:49 என்ற நேரங்கள் எப்படித் தெரிந்தன என்று கேட்கலாம். முதலாண்டு மாணவன் ஒருவன், மோர்ஸ் பழகுவதற்காகக் கூடாரத்து ரிசீவர் பக்கத்தில் தன் கைபேசியை வைத்துக் காலை முழுக்க ஒலிப்பதிவு செய்திருந்தான். எங்களிடம் கேட்காமல், சொல்லாமல். நான்காம் நாள் தயங்கித் தயங்கி அதை அனுப்பினான். அந்தப் பதிவு மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் இன்றும் ஃபெரைட் மணி கோத்துக்கொண்டிருப்போம்.

பதிவு சொன்னது

இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பதிவைக் கேட்டு, நிமிட வாரியாகத் தாளில் எழுதினேன். 8:42 வரை எல்லாம் ஒழுங்கு. 8:47 மௌனம். 8:49 முதல் 9:04 வரை ஐந்தாம் நரியின் நிமிடத்தில் மூன்று புள்ளிகள். 9:09-க்கு ஐந்தாம் நரியே மீண்டும் கேட்கிறது. அதன்பின் 9:53 வரை மூன்றாம் நரியின் சுவடே இல்லை. 9:53-க்கு நான்காம் நரியின் நிமிடத்தில் எழுந்து 10:08 வரை அங்கேயே இருக்கிறது. 10:15-க்கு முதல் நரியின் நிமிடத்தில் ஒரே ஒரு முறை. 10:22 முதல் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

நடுவில் 48 நிமிடம் எங்கே போயிற்று? இங்கேதான் எஃப்எம் பற்றிய பாடம் வருகிறது. ஏஎம் பண்பேற்றத்தில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அதிர்வெண்ணில் மோதினால் இரண்டும் கலந்து, இடையில் ஊளைச் சத்தத்தோடு கேட்கும். மோதல் என்று காதே சொல்லிவிடும். எஃப்எம் ரிசீவர் அப்படி அல்ல. எது சற்றுப் பலமோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு அமுக்கிவிடும். ஆகவே ஒரே நிமிடத்தில் தோப்பின் ஒரு மூலையில் இருந்தவருக்கு இரண்டாம் நரியும், இன்னொரு மூலையில் இருந்தவருக்கு மூன்றாம் நரியும் தெளிவாகக் கேட்டிருக்கின்றன. கூடாரத்துக்கு மிக அருகில் இருந்தது இரண்டாம் நரி. மூன்றாம் நரி அதன் நிமிடத்துக்குள் நுழைந்தபோது எங்கள் ரிசீவருக்கு அது தெரியவே இல்லை. ஓசூர்ப் பெண் மூன்றாம் நரிக்கு 200 மீட்டர் பக்கத்தில் நின்றாள். 9:16-க்கு அவளுக்குக் கேட்டது மெய்யாகவே மூன்று புள்ளிகள். அவளுடைய குறிப்புப் புத்தகத்தைக் கூடாரத்துப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தபோது காணாமற்போன 48 நிமிடமும் நிரம்பியது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னவை மூன்றுமே சரி.

இப்போது நரி இடம் மாறிய வரிசையை எழுதினேன். மூன்றிலிருந்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு. இரண்டிலிருந்து நான்கு. நான்கிலிருந்து ஒன்று. ஒன்றிலிருந்து மூன்று. ஒவ்வொரு தாவலும் இரண்டு நிமிடம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்து தாவலில் சுற்று முடிந்து தன் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால், அது பேச வேண்டிய நேரத்தில் ஒரு மௌனம்.

இரவு பதினொன்றரை மணிக்கு அந்தத் தாளைப் பார்த்தபோது விடை என் நிரலில் இருப்பது தெரிந்தது. கண்ட்ரோலர் மின்சாரம் வந்ததும் தன் கணக்கைப் பூஜ்யத்தில் தொடங்கும். மூன்றாம் நரிக்கு நான் கொடுத்திருந்த கட்டளை: பூஜ்யத்திலிருந்து இரண்டு நிமிடம் காத்திரு, ஒரு நிமிடம் பேசு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பச் செய். டிரான்ஸ்மிட்டரை இயக்கும் அந்தக் கணத்தில் சில்லு ரீசெட் ஆனால், அதாவது நின்று மறுபடி தொடங்கினால், என்ன ஆகும்? பேச்சு வராது. கணக்கு பூஜ்யத்துக்குப் போகும். இரண்டு நிமிடம் கழித்து, அது யாருடைய நிமிடமாக இருந்தாலும், எழுந்து பேசும். வானொலி மாட்யூலுக்கு அதிர்வெண்ணை ஊட்டும் வேலையையும் நிரல் ஒவ்வொரு தொடக்கத்திலும் செய்துவிடுவதால், ரீசெட்டுக்குப் பிறகு நரி முழு ஆரோக்கியத்தோடு இருப்பதுபோலவே தோன்றும். பத்து நொடித் தாமதத்துக்கும் விளக்கம் கிடைத்தது: பலகையில் இருந்த பழைய பூட்லோடர் என்ற தொடக்க நிரல், ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிய நிரல் வருகிறதா என்று இரண்டு நொடி அளவுக்குக் காத்திருக்கும். ஐந்து ரீசெட், பத்து நொடி.

ரீசெட் ஏன்?

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் போலிச் சுமையை மாட்டினேன். வானொலி அலை வெளியே போகாதபோதும் ரீசெட் நடந்தது. மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். சற்று நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் பேட்டரிப் பக்கம் பார், தம்பி” என்றார்.

பார்த்தேன். எஸ்ஏ818 முழுத்திறனில் பேசும்போது முக்கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய செல்லின் உள்தடை 0.3 ஓம். மெல்லிய கம்பிகள் 0.2. செல் ஹோல்டரின் ஸ்பிரிங் நுனியில் துரு. அங்கே மட்டும் 0.8 ஓம். கூட்டினால் 1.3 ஓம், அதன் குறுக்கே சுமார் 1 வோல்ட் தொலைகிறது. காலையில் 4.1 வோல்ட்டில் தொடங்கிய செல், இரண்டே முக்கால் மணி நேரத்தில் 3.8-க்கு இறங்கியிருக்கும். அதில் 1 வோல்ட் போனால் 2.8. சில்லின் மின்தாழ்வுக் காவல் 2.7 வோல்ட்டில் ரீசெட் அடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. ஆசிலோஸ்கோப்பில், டிரான்ஸ்மிட்டர் எழும் முதல் சில மில்லிநொடிகளில் கோடு 2.6 வரை குழிந்து மீண்டது. விளிம்பில் நின்ற கதை. கிளையில் ஆடும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் நல்ல இடத்தில் தொட்டால் பிழைத்தது, துருவில் தொட்டால் விழுந்தது. மேசையில் டப்பாவை விரலால் தட்டிக்கொண்டே 20 முறை இயக்கியபோது ஏழு முறை ரீசெட் ஆனது.

போட்டிக்கு முந்தைய நாள் செய்த சனிக்கிழமைச் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? அன்று ஐந்து பலகைகளுக்கும் மேசை மின்வழங்கியிலிருந்து கொடுத்தோம். அதற்கு ஸ்பிரிங்கும் இல்லை, துருவும் இல்லை, களைத்துப்போன செல்லும் இல்லை. காட்டுக்குப் போகப்போகிற எதையும் சோதிக்காமல் வீட்டில் இருப்பதைச் சோதித்திருக்கிறோம்.

மாற்றியவை

ஹோல்டரை மாற்றி, கம்பியைத் தடிமனாக்கி, மாட்யூலின் பக்கத்தில் பெரிய கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் மூன்றாம் நரி குணமாகிவிடும். அதைச் செய்தோம். ஆனால் எங்கள் குழுவில் சிலர் அதோடு விடலாம் என்று சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டில் மின்சாரம் தடுமாறத்தான் செய்யும்: மழை, எறும்பு, கிளை முறிவு, யாராவது ஆர்வத்தில் டப்பாவைத் திறந்து பார்ப்பது. ஒரு கணம் மயங்கி விழுந்த நரி, எழுந்ததும் மற்றொரு நரியின் நேரத்தைப் பறிக்கிறது என்றால் குற்றம் ஹோல்டருடையது அல்ல. நரி தானே எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை மறந்ததும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நரி எண்ணக் கூடாது, மணி பார்க்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு பலகைக்கும் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைச் சேர்த்தோம். அதற்கென்று தனியாகப் பொத்தான் செல் உண்டு. முதன்மை மின்சாரம் போனாலும் மணி ஓடும். வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிகம் உள்ளே இருப்பதால் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குமேல் வழுவாது. மூன்று மணி நேரத்துக்கு அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இப்போது நிரலில் எண்ணிக்கையே கிடையாது. மணியைப் படிக்கிறது, நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளை 300-ஆல் வகுத்து மீதியைப் பார்க்கிறது, மீதி 120-க்கும் 179-க்கும் இடையில் இருந்தால் மூன்றாம் நரி பேசுகிறது. நடுவில் எத்தனை முறை செத்துப் பிழைத்தாலும் விடை மாறாது.

இந்தச் சில்லை வைத்துச் சந்தையில் கிடைக்கும் சிறு பலகைகளை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. பலவற்றில் பொத்தான் செல்லுக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கும், ஒரு டயோடும் ஒரு மின்தடையும். ஏற்றக்கூடிய செல்லுக்காக வைத்தது அது. சாதாரண சிஆர்2032 போடுவதாக இருந்தால் அந்த டயோடையோ மின்தடையையோ எடுத்துவிடுங்கள். ஏற்றக் கூடாத லித்தியம் செல்லில் 5 வோல்ட் பக்கத்திலிருந்து மின்னேற்றம் நடந்தால் செல் கசியும், வீங்கும்.

கடிகாரங்களை ஒன்றாக்குவதற்கு அதே பொத்தான் முறைதான். டிஎஸ்3231-இல் நொடிப் பதிவேட்டில் எழுதும் கணத்திலேயே உள்ளே நொடியின் பின்னங்களும் பூஜ்யத்துக்கு வருகின்றன. ஆகவே ஐந்திலும் ஒரே சமயத்தில் எழுதினால் ஐந்தும் நொடிக்குள்ளும் ஒன்றாகத் தொடங்கும். ஜிபிஎஸ் நேரத்தைப் பார்த்து அழுத்துவதால் புறப்படும் இடத்துக் கடிகாரமும் நரிகளும் ஒத்துப்போகின்றன.

பூட்லோடரை நீக்கிவிட்டோம். இரண்டு நொடித் தாமதம் போனதோடு, சில்லு ஏன் ரீசெட் ஆனது என்பதைத் தொடக்கத்திலேயே அதன் பதிவேட்டிலிருந்து படிக்கவும் முடிகிறது. மின்தாழ்வால் என்றால், நேரத்தோடு அதை நிலை நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டு, அதன்பின் எஸ்ஏ818-இன் திறன் தேர்வு முனையைத் தரையோடு இணைத்து அரை வாட்டில் மட்டும் பேசுகிறது. முழுத்திறனில் விழுந்த நரி மீண்டும் முழுத்திறனில் எழ முயன்றால், மணி பார்க்கும் நிரலாக இருந்தாலும் தன் நிமிடம் முழுக்க விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கும்.

கடைசி மாற்றத்துக்குக் குழுவில் எதிர்ப்பு இருந்தது. டிஎஸ்3231-இல் ஒரு கொடி உண்டு. கடிகாரம் எப்போதாவது நின்றுபோயிருந்தால் அது உயர்ந்திருக்கும். அந்தக் கொடி உயர்ந்திருந்தால் நரி பேசவே கூடாது என்று நிரல் எழுதினேன். ஒரு நரி குறைந்தால் போட்டியே கெட்டுவிடுமே என்றார்கள். நான்கு நரிகளோடு போட்டியை நடத்தலாம், முடிவை அறிவிக்கலாம். நேரம் தெரியாமல் பேசுகிற ஒரு நரி மற்ற நான்கையும் கெடுத்துவிடுகிறது, ஓடுகிறவரைத் தன் கைக்கடிகாரத்தையே சந்தேகிக்க வைக்கிறது. மூத்தவர் என் பக்கம் நின்றார். கண்ட்ரோலருக்குக் காது வைத்துத் தொலைவிலிருந்து அணைக்கும் வசதியும் வேண்டும் என்று அவர் சொன்னார். எஸ்ஏ818-இல் ரிசீவரும் இருப்பதால் அது முடியும். இன்னும் செய்யவில்லை.

மறுபடியும் அதே தோப்பு

ஐந்து வாரம் கழித்து அதே தோப்பில் மீண்டும் நடத்தினோம். முந்தைய நாள் ஒத்திகையில், துருப்பிடித்த அதே ஹோல்டரை வேண்டுமென்றே மூன்றாம் நரிக்கு மாட்டி, 3.8 வோல்ட் செல்லைப் போட்டுக் கிளையில் தொங்கவிட்டோம். இரண்டு மணி நேரம் ஐவர் ஐந்து இடங்களில் நின்று கேட்டோம், கூடாரத்தில் மட்டும் அல்ல. நினைவகத்தில் பின்னர் படித்தபோது ஒரே ஒரு ரீசெட் பதிவாகியிருந்தது. அந்த ஒரு முறை, அதன் நிமிடத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு விக்கல்போல் கேட்டது. உடனே அரை வாட்டில் தொடர்ந்தது. அதன்பின் விழவில்லை. எங்கள் ஐந்து தாள்களிலும் மூன்று புள்ளிகள் மூன்றாம் நிமிடத்தில் மட்டுமே இருந்தன.

மறுநாள் காலை புறப்படும் கோட்டில் ஓசூர்ப் பெண் வந்து நின்றாள். கடிகாரத்தைக் கூடாரத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். “நரி சொல்வதும் இதுவும் வேறுபட்டால் எதை நம்ப வேண்டும், அண்ணா?” என்று கேட்டாள். “உன் கடிகாரத்தை. உடனே திரும்பி வந்து எங்களிடம் சொல்” என்றேன். முதல் நரியின் ஒற்றைப் புள்ளி கேட்டதும் ஓடினாள். ஐந்து நரிகளையும் கண்டுபிடித்து 71 நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். கடைசியாக அவள் பிடித்தது மூன்றாம் நரி. ஒரு பாறை இடுக்கில், அவள் பழைய குறிப்புப் புத்தகத்தில் கோடு இழுத்திருந்த திசையிலேயே வைத்திருந்தோம்.

மாலையில் ஐந்து பலகைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, நொடிக்கொருமுறை மின்னும் விளக்குகளைப் பார்த்தோம். காலை 6 மணிக்கு ஒன்றாகத் தொடங்கிய ஐந்தும் இன்னும் ஒன்றாகவே மின்னின. முதலாண்டு மாணவன் அதையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான். இம்முறை நாங்களே அவனிடம் கேட்டுக்கொண்டோம்.